90 கேட்டால் 26-இல் ரீபூட் ஆகிறது: வாட்ச்டாக் டிரைவரில் டைம்அவுட் சரிபார்ப்பு

#1 பலகைப்பித்தன்

வணக்கம். மூன்று நாளாக மண்டை காய்கிறது, யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.

ஒரு சின்ன ஆர்ம் போர்டு, லினக்ஸ் 6.1. வாட்ச்டாக் என்பது குறித்த நேரத்துக்குள் பிங் (உயிரோடு இருக்கிறேன் என்ற சமிக்ஞை) வராவிட்டால் போர்டை ரீசெட் செய்யும் டைமர். அதன் டிரைவர் போர்டு செய்தவர்கள் கொடுத்தது, மெயின்லைனில் (அதிகாரபூர்வ கர்னலில்) இல்லை. எங்கள் டீமன் (பின்னணி நிரல்) பூட் ஆனதும் வாட்ச்டாக்கைத் திறக்கும், டேட்டாபேஸ் பதில் சொல்கிறதா என்று பார்த்து 30 வினாடிக்கு ஒருமுறை பிங் அடிக்கும். டைம்அவுட் 60 ஆக இருந்தவரை பெரிய சிக்கல் இல்லை. ஆனால் சில நாள் பூட் ஆகும்போது டேட்டா பார்ட்டிஷனில் எஃப்எஸ்சிகே (ஃபைல்சிஸ்டம் சோதனை) ஓடி ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. அதற்குள் நாய் கடித்துவிடுகிறது. சரி, 90 ஆக்கிவிடலாம் என்று ஆக்கினேன். அங்கேதான் வினை.

இப்போது ஒவ்வொரு முறையும் ரீபூட். சீரியல் கன்சோலில் கடைசி பிங் 11.4-வது வினாடி, லாக் அறுந்தது 37.4. அடுத்த முறையும் அதே இடைவெளி, 26. பவர் சப்ளை மாற்றினேன், கேபிள் மாற்றினேன், கப்பாசிட்டர்கூட ஒன்று சேர்த்துப் பார்த்துவிட்டேன். டைம்அவுட்டைத் திருப்பிக் கேட்டால் டிரைவர் சமர்த்தாக 90 என்கிறது. பிழை எதுவும் இல்லை.

#2 பிட்_எண்ணி

பவர் சப்ளைக்கு 26 வினாடி என்று எண்ணத் தெரியாது. சாலிடரிங் அயனைக் கீழே வையுங்கள்.

வாட்ச்டாக் கவுண்டர் எத்தனை பிட்? எந்த கிளாக்?

#3 பலகைப்பித்தன்

டேட்டாஷீட்டில் 16 பிட் டவுன் கவுண்டர். 32768 ஹெர்ட்ஸ் கிரிஸ்டலை 32 ஆல் வகுத்து, வினாடிக்கு 1024 டிக். பூச்சியத்தைத் தொட்டால் ரீசெட். இன்டரப்ட், ப்ரீடைம்அவுட் (ரீசெட்டுக்கு முன் எச்சரிக்கை) எதுவும் கிடையாது.

#4 பிட்_எண்ணி

அப்படியென்றால் விடை உங்கள் தலைப்பிலேயே இருக்கிறது. 90 × 1024 = 92160. 16 பிட்டில் அதிகபட்சம் 65535. மேல் பிட் உதிர்ந்து 92160 − 65536 = 26624 மட்டும் ரெஜிஸ்டரில் உட்காரும். 26624 ÷ 1024 = 26, மிச்சமில்லாமல்.

அதாவது உங்கள் போர்டுக்கு 63-க்கு மேல் எண்ணத் தெரியாது. திரும்பப் பூச்சியத்திலிருந்து ஆரம்பிக்கும். நம்பவில்லையென்றால் 65 வைத்துப் பாருங்கள், ஒரே வினாடியில் போய்விடும். 70 வைத்தால் 6. 64 வைத்தால் ரெஜிஸ்டரில் பூச்சியம், என்டர் தட்டிய கையை எடுப்பதற்குள் ரீசெட்.

#5 பலகைப்பித்தன்

65, 70, 64 மூன்றையும் பார்த்தேன். மூன்றும் நீங்கள் சொன்னபடியே. 64-இல் உண்மையாகவே கை எடுக்கவில்லை.

டிரைவரைத் திறந்து பார்த்தேன். செட்_டைம்அவுட் ஃபங்ஷன் மொத்தமே மூன்று வரி: வந்த எண்ணை 1024 ஆல் பெருக்கு, ரெஜிஸ்டரில் எழுது, பூச்சியம் திருப்பு. எழுதும் இடத்தில் 65535 என்று மாஸ்க் (மேல் பிட்களை வெட்டுவது) வேறு. மின்_டைம்அவுட், மேக்ஸ்_டைம்அவுட் (கீழ், மேல் எல்லைகள்) இரண்டையும் யாரும் தொடவே இல்லை.

செட்_டைம்அவுட்டின் தலையில் ஒரு வரி சேர்த்துவிட்டேன்: 63-க்கு மேல் வந்தால் இன்வேலிட் ஆர்க்யுமென்ட். இப்போது 90 கேட்டால் பிழை எண் 22 வருகிறது. இதைப் பேட்ச்சாக அனுப்பட்டுமா?

#6 கோர்_வாசகி

கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் ஒரு கதவைத்தான் அடைத்திருக்கிறீர்கள். டைம்அவுட் உள்ளே வர மூன்று வழி இருக்கிறது: யூசர்ஸ்பேஸின் ஐஓசிடிஎல் (நிரல்கள் டிரைவரிடம் பேசும் அழைப்பு), மாட்யூல் பாராமீட்டர், டிவைஸ் ட்ரீயின் (போர்டின் ஹார்டுவேர் விவரக் கோப்பின்) டைம்அவுட்-செக். பின்னிரண்டும் செட்_டைம்அவுட் பக்கமே வராது. வாட்ச்டாக்_இனிட்_டைம்அவுட் அவற்றைப் படித்து நேராக டிவைஸின் டைம்அவுட் ஃபீல்டில் போட்டுவிடும். அப்புறம் ஸ்டார்ட் ஃபங்ஷன் அதை எடுத்து அப்படியே ரெஜிஸ்டரில் எழுதும். டிவைஸ் ட்ரீயில் 90 என்று எழுதியிருந்தால் பழைய கதைதான்.

இன்னொன்று, எல்லையைச் சோதிக்கும் வேலையை டிரைவர் தானாகச் செய்யவே வேண்டாம். கோரில் (கர்னலின் பொதுவான வாட்ச்டாக் பகுதியில்) வாட்ச்டாக்_டைம்அவுட்_இன்வேலிட் என்று ஒன்று இருக்கிறது, மூன்று வழிக்கும் அதுதான் வாசல்காரன். எல்லையைச் சொல்லாமல் விட்டால் மேக்ஸ்_டைம்அவுட் பூச்சியம், பூச்சியம் என்றால் எல்லை இல்லை என்று பொருள். அதனால்தான் உங்கள் 90-ஐக் கேள்வி கேட்காமல் உள்ளே விட்டது.

#7 பலகைப்பித்தன்

அட, டிவைஸ் ட்ரீயிலும் 90 இருக்கிறது. நான் போட்டதுதான், மறந்தே போனேன்.

அப்படியானால் மேக்ஸ்_டைம்அவுட் = 63, மின்_டைம்அவுட் = 1. முடிந்ததா?

#8 கோர்_வாசகி

பிழை போய்விடும். ஆனால் உங்களுக்கு 90 கிடைக்காது. உங்களுக்கு வேண்டியது 90 அல்லவா?

ராஸ்பெரி பையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கவுண்டர் 20 பிட், வினாடிக்கு 65536 டிக். அதிகபட்சம் 15 வினாடி. 16 வினாடி என்பது 21-வது பிட்டில் ஒரு ஒன்று, மாஸ்க் போட்டால் பூச்சியம். அங்கேயும் நெடுநாள் மேக்ஸ்_டைம்அவுட் 15 என்றே இருந்தது. வாட்ச்டாக் டீமனின் இயல்பு மதிப்போ 60. விளைவு, டீமனைப் போட்டவர்கள் எல்லோரும் "60 வைக்க முடியவில்லை, பிழை 22" என்று வந்து நின்றார்கள். கான்ஃபிகில் 15 என்று எழுதுங்கள் என்பதே ஆளுக்கு ஆள் சொல்லிக்கொள்ளும் மந்திரமாகிவிட்டது. பிற்பாடு அந்த டிரைவரில் மேக்ஸ்_டைம்அவுட்டை எடுத்துவிட்டு மேக்ஸ்_எச்டபிள்யூ_ஹார்ட்பீட்_எம்எஸ் வைத்தார்கள்.

இந்த ஃபீல்டு கோருக்குள் வந்தது 2016-இல். இது சொல்வது: ஹார்டுவேர் ஒரு மூச்சில் தாங்குவது இத்தனை மில்லிவினாடி, யூசர் அதற்கு மேல் கேட்டால் இடைவெளியை நீயே பிங் அடித்து நிரப்பிக்கொள். கோர் நிரப்பும்.

#9 பழைய_சாலிடர்

எனக்கு இது பிடிக்கவில்லை. ஹார்டுவேரால் முடியாது என்றால் முடியாது என்று சொல்வதுதான் நேர்மை. கர்னலே நாய்க்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தால் நாய் எதற்கு? யூசர்ஸ்பேஸ் செத்துக் கிடக்கும், கர்னல் பாட்டுக்குப் பிங் அடித்துக்கொண்டிருக்கும்.

#10 கோர்_வாசகி

நீங்கள் சொல்கிற மாதிரி முடிவில்லாமல் அடிக்காது. கணக்கு எப்படியென்றால், யூசர் கடைசியாகப் பிங் அடித்த நேரத்தோடு 90 கூட்டு, அதுதான் கெடு. அந்தக் கெடுவிலிருந்து ஹார்டுவேரின் மூச்சைக் கழி, அதுதான் கோர் அடிக்கக்கூடிய கடைசிப் பிங். அதற்குப் பிறகு கோர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். ஹார்டுவேர் தானாக ஓடி, சரியாக 90-இல் கடிக்கும்.

யூசர்ஸ்பேஸ் செத்தால் 90-இல் ரீசெட். கர்னலே உறைந்தால் கோராலும் பிங் அடிக்க முடியாது, 64 வினாடிக்குள்ளேயே ரீசெட். இரண்டு பக்கமும் காவல் இருக்கிறது.

#11 பழைய_சாலிடர்

கர்னல் அரைகுறையாக உறைந்தால்? டைமர் மட்டும் ஓடுகிறது, மற்றதெல்லாம் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

#12 கோர்_வாசகி

அப்போதும் கெடு மாறாது. யூசர் பிங் வராதவரை 90 என்பது 90தான். நீங்கள் கேட்கும் நிலையில் 64-க்குப் பதில் 90 ஆகும், அவ்வளவே. பயனர் கேட்டதும் அதைத்தானே?

#13 பழைய_சாலிடர்

ம்ம். என் போர்டில் நான் 22-ஐயே வைத்துக்கொள்வேன். ஆனால் வாதத்தில் ஓட்டை தெரியவில்லை, ஒத்துக்கொள்கிறேன்.

#14 பலகைப்பித்தன்

செய்து பார்த்தேன். நான் போட்ட 63 சோதனையை எடுத்துவிட்டு, மேக்ஸ்_எச்டபிள்யூ_ஹார்ட்பீட்_எம்எஸ் = 63999 வைத்தேன். 65535-ஐ 1024 ஆல் வகுத்தால் 63.999 வருகிறது, அந்தக் கணக்கு.

90 வைத்தேன். பிழை வரவில்லை. திருப்பிக் கேட்டால் 90. நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

26-இல் ரீபூட்.

#15 கோர்_வாசகி

செட்_டைம்அவுட்டில் ரெஜிஸ்டருக்கு என்ன எழுதுகிறீர்கள்? பழைய பெருக்கல் அப்படியே இருக்கிறதா?

#16 பலகைப்பித்தன்

ஆமாம், இருக்கிறது. கோர்தான் பார்த்துக்கொள்ளும் என்றீர்களே?

#17 கோர்_வாசகி

கோர் பிங்கைப் பார்த்துக்கொள்ளும், ரெஜிஸ்டரை அல்ல. இதில் நிறையப் பேர் வழுக்குகிறார்கள், நானும் ஒருமுறை வழுக்கியிருக்கிறேன். அந்த ஹார்ட்பீட் ஃபீல்டை நிரப்பிய நிமிடமே கோர் மேக்ஸ்_டைம்அவுட்டைப் பார்ப்பதை நிறுத்திவிடும். இனி 90, 900, 9000 எது வந்தாலும் அப்படியே டிரைவர் கைக்கு வரும். அதில் ஹார்டுவேருக்கு எவ்வளவு கொடுப்பது என்பது டிரைவர் பாடு. முன்பாவது ஒரு வாசல்காரனை வைக்க வழி இருந்தது, இப்போது நீங்களே அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டீர்கள்.

உங்களுக்கு நடந்ததைப் பாருங்கள், ரசிக்கும்படி இருக்கிறது. ரெஜிஸ்டரில் 26624, அதாவது 26.000 வினாடி. கோரோ ஹார்டுவேரில் 63.999 இருக்கிறது என்று நம்புகிறது. கெடு 90, அதில் 63.999 கழித்தால் 26.001. உங்கள் டீமனின் அடுத்த பிங் 30-இல், கோரின் பிங் 26.001-இல். நாய் கடிப்பது 26.000-இல்.

ஒரு மில்லிவினாடி முன்னால்.

#18 பிட்_எண்ணி

இதை மாட்டி வைக்க ஒரு சட்டகம் வேண்டும்.

#19 பலகைப்பித்தன்

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. மூன்றாம் பதிப்பு: ரெஜிஸ்டரில் எழுதும் இடத்தில் டைம்அவுட் × 1024, 65535 இரண்டில் சின்னது. டிவைஸின் டைம்அவுட் ஃபீல்டில் யூசர் கேட்ட 90 அப்படியே. ஸ்டார்ட், செட்_டைம்அவுட் இரண்டும் ஒரே உதவி ஃபங்ஷனைக் கூப்பிடுகின்றன.

பிங்கைத் தொடக்கத்தில் ஒருமுறை அடித்துவிட்டு டீமனை நிறுத்தி வைத்தேன். 90.0-இல் ரீசெட். 30 வினாடி பிங்கோடு ஒரு மணி நேரமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

#20 பிட்_எண்ணி

நன்றாக இருக்கிறது. இப்போது 4194304 வைத்துப் பாருங்கள்.

#21 பலகைப்பித்தன்

அது என்ன எண்? 48 நாளுக்கு மேல் வரும். யார் வைக்கப்போகிறார்கள்?

... வைத்தேன். உடனே ரீபூட். எப்படி?

#22 பிட்_எண்ணி

டைம்அவுட் 32 பிட் அன்சைன்ட். 4194304 என்பது 2-இன் 22-வது அடுக்கு, 1024 என்பது 10-வது அடுக்கு. பெருக்கினால் 32-வது அடுக்கு, 32 பிட்டில் அது பூச்சியம். பூச்சியம், 65535 இரண்டில் சின்னது எது? பூச்சியம். அதைப் பத்திரமாக ரெஜிஸ்டரில் எழுதினீர்கள்.

கோர் தடுக்காதா என்றால், தடுக்கும், ஆனால் அதன் கோடு வேறு இடத்தில். அது உள்ளே மில்லிவினாடியில் கணக்குப் போடுவதால் 32 பிட்டின் உச்சத்தை 1000 ஆல் வகுத்து, 4294967-க்கு மேல் வந்தால் திருப்பி அனுப்பும். உங்கள் டிரைவர் பெருக்குவது 1024 ஆல். இந்த 24 வித்தியாசத்தில் ஒரு சந்து விழுகிறது: 4194304-இலிருந்து 4294967 வரை எல்லா எண்ணும் கோரைத் தாண்டி வந்து உங்களிடம் 32 பிட்டைத் தாண்டும். அதில் முதல் 64 எண்கள், 4194367 வரை, 64 வினாடிக்குள் கடித்துவிடும்; மற்றவை 65535-இல் வெட்டுப்பட்டுத் தப்பிவிடும்.

யாரும் 48 நாள் வைக்க மாட்டார்கள் என்பது சரிதான். ஆனால் மில்லிவினாடி என்று நினைத்து எண்ணை எழுதுகிறவர்கள் உண்டு. ஒரு மணி நேரம் என்று நினைத்து 3600000 எழுதுவார். இன்று அது சந்துக்கு வெளியே இருக்கிறது, நாளை யாராவது எழுதும் எண் அந்த 64-இல் விழலாம்.

மருந்து சின்னது. பெருக்கிவிட்டு வெட்டாதீர்கள், வெட்டிவிட்டுப் பெருக்குங்கள். டைம்அவுட், 63 இரண்டில் சின்னது, அதை 1024 ஆல் பெருக்கு. எஸ்பி805 (ஆர்மின் வாட்ச்டாக்) மாதிரி கிளாக் வேகமாக ஓடுகிற இடத்தில் இந்த வழி போதாது. அங்கே 64 பிட்டில்தான் பெருக்க வேண்டும். 100 மெகாஹெர்ட்ஸ் என்றால் 43 வினாடியிலேயே 32 பிட் தீர்ந்துவிடும். அந்தச் சில்லு வேறு, கொடுத்த எண்ணை இரண்டு தடவை எண்ணும், முதல் தடவை இன்டரப்ட், இரண்டாம் தடவை ரீசெட். பாதியைத்தான் ஏற்ற வேண்டும். உங்களுக்கு அந்தத் தலைவலி இல்லை.

#23 கோர்_வாசகி

63-இல் வெட்டினால் ஹார்ட்பீட் ஃபீல்டையும் 63000 ஆக்குங்கள். 63999 என்றே விட்டால் கோர் 26.001-இல் கடைசிப் பிங் அடித்து, இனி 64 வினாடி இருக்கிறது என்று நம்பி நிற்கும். ரெஜிஸ்டரில் இருப்பதோ 63. நாய் 89-இல் கடித்துவிடும். ரெஜிஸ்டரில் போகும் உச்சமும் கோரிடம் சொல்லும் உச்சமும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். ஒரு மேக்ரோ வைத்து இரண்டு இடத்திலும் அதையே பயன்படுத்துங்கள்.

#24 பழைய_சாலிடர்

0.999 வினாடியை வீணாக்குகிறோமே.

#25 கோர்_வாசகி

போகட்டும்.

#26 இரவுப்பறவை

குறுக்கே வருகிறேன், நான் பிஎஸ்டி பக்கம். ஃப்ரீபிஎஸ்டியில் இந்தக் கேள்வியே வேறு மாதிரி வரும். அங்கே டைம்அவுட்டை 2-இன் அடுக்காக, நானோவினாடியில் கொடுப்பது வழக்கம். 30-வது அடுக்கு என்றால் 1.07 வினாடி. உங்கள் கவுண்டருக்கு 35-வது அடுக்குதான் உச்சம், 34.36 வினாடி. 36 போட்டால் 68.7, தாங்காது. ஓபன்பிஎஸ்டியில் டிரைவரின் கால்பேக்கிடம் கால அளவைக் கொடுத்தால், உண்மையில் எவ்வளவு வைத்தேன் என்று திருப்பிச் சொல்லும். எனக்கு அந்த முறை பிடிக்கும்.

#27 கோர்_வாசகி

இங்கேயும் அது உண்டு. டைம்அவுட் வைக்கும் ஐஓசிடிஎல் கொடுத்த மாறியிலேயே உண்மையான மதிப்பைத் திருப்பி எழுதும். கர்னல் ஆவணத்தில் இருக்கும் உதாரணமே 45 வைத்து 60 என்று அச்சாவதுதான், நிமிடக் கணக்கில் மட்டும் எண்ணும் ஹார்டுவேராக இருந்தால். டிசைன்வேர் வாட்ச்டாக்கில் இது நிஜமாகவே நடக்கும், அதன் கால அளவுகள் 2-இன் அடுக்குகளில்தான் தாவும். திரும்பி வரும் எண்ணைப் பார்க்காத டீமன்கள்தான் அதிகம் என்பது வேறு கதை.

பலகைப்பித்தன், கீழ் எல்லையை விட்டுவிடாதீர்கள். மின்_டைம்அவுட் 1 இல்லையென்றால் 0 உள்ளே வரும், உங்கள் போர்டில் 0 என்றால் உடனடி ரீசெட். ஒரு பொறியும் இருக்கிறது: ஹார்ட்பீட் ஃபீல்டும் மேக்ஸ்_டைம்அவுட்டும் இல்லாமல் மின்_டைம்அவுட்டை மட்டும் 1 என்று வைத்தால், "குறைந்தபட்சம் அதிகபட்சத்தைவிடப் பெரிதாக இருக்கிறதே" என்று கோர் இரண்டையும் பூச்சியமாக்கிவிடும். லாகில் ஒரு வரி வரும், யாரும் படிக்க மாட்டார்கள். உங்களுக்கு ஹார்ட்பீட் ஃபீல்டு இருப்பதால் பிரச்சினை இல்லை. பழைய கர்னலுக்குக் கொண்டுபோகும்போது நினைவில் வையுங்கள்.

#28 பலகைப்பித்தன்

மாட்யூல் பாராமீட்டரில் தப்பான எண் வந்தால் ப்ரோப் (டிரைவர் தொடங்குவது) தோற்க வேண்டுமா?

#29 கோர்_வாசகி

வேண்டாம். இனிட்_டைம்அவுட்டைக் கூப்பிடும் முன் டைம்அவுட் ஃபீல்டில் இயல்பு மதிப்பைப் போட்டு வையுங்கள். பாராமீட்டர் சரியில்லையென்றால் டிவைஸ் ட்ரீயைப் பார்க்கும், அதுவும் சரியில்லையென்றால் நீங்கள் போட்டது நிற்கும். ஒரு எண்ணைத் தப்பாக எழுதியதற்காக வாட்ச்டாக்கே இல்லாமல் போர்டு ஓடுவது அதைவிட மோசம். −1 கொடுத்தால் அன்சைன்டில் பிரம்மாண்டமாகி 4294967 கோட்டிலேயே நின்றுவிடும், அதற்குத் தனிச் சோதனை வேண்டாம்.

#30 பலகைப்பித்தன்

நான்காம் பதிப்பு. கர்னல் செல்ஃப்டெஸ்டில் இருக்கும் வாட்ச்டாக்-டெஸ்டை வைத்தே ஓட்டினேன். 1, 63, 64, 65, 90 ஐந்தும் சொன்ன வினாடியில் கடிக்கின்றன. 0-வும் −1-உம் பிழை 22. 4194304 வைத்து இரண்டு நிமிடம் காத்திருந்தேன், போர்டு உயிரோடு இருக்கிறது. மீதி 48 நாளை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். 'வி' எழுத்தை (வேண்டுமென்றே நிறுத்துகிறேன் என்ற குறி) எழுதிவிட்டு மூடினால் நாய் நிற்கிறது, எழுதாமல் மூடினால் நிற்கவில்லை. அதுவும் சரி.

அப்புறம் ஒரு விஷயம். முதலில் ஏன் 60-ஐ 90 ஆக்கினேன்? எஃப்எஸ்சிகே நேரம் எடுத்ததால். எஃப்எஸ்சிகே ஏன் ஓடியது? இரவு ரீபூட் சில சமயம் சுத்தமாக முடியாததால். எஸ்டி கார்டு மெதுவானது, அதன் குற்றம் என்றே இவ்வளவு நாள் நினைத்திருந்தோம். நேற்று இந்த இழையைப் படித்த சக ஊழியர், "ரீபூட் சமயத்தில் சிஸ்டம்டியும் வாட்ச்டாக்கைத் தொடுமே" என்றார். பார்த்தால், பூட்டையும் ஷட்டவுனையும் நடத்தும் அந்த சிஸ்டம்டியில் ரீபூட்-வாட்ச்டாக்-செக்கின் இயல்பு மதிப்பு 10 நிமிடம். அதாவது 600.

#31 பிட்_எண்ணி

64 × 9 = 576. மிச்சம் 24.

#32 பலகைப்பித்தன்

அதேதான். 10 நிமிடம் அவகாசம் என்று நினைத்து சிஸ்டம்டி நிதானமாக அன்மவுண்ட் செய்துகொண்டிருக்கும், நாய் 24-இல் கடித்துவிடும். கார்டு அன்று வேகமாக இருந்தால் தப்பும், மெதுவாக இருந்தால் அடுத்த பூட்டில் எஃப்எஸ்சிகே. ஆக, நான் 90 வைக்க வேண்டியிருந்ததே இதே பிழையால்தான்.

நேற்றிரவு புது டிரைவரோடு 40 முறை ரீபூட் போட்டுவிட்டேன். எஃப்எஸ்சிகே ஒருமுறைகூட வரவில்லை. டைம்அவுட்டைத் திரும்ப 60 ஆக்கிவிட்டேன்.

#33 கோர்_வாசகி

பேட்ச்சின் விளக்கத்தில் 26-ஐ மட்டுமல்ல, இந்த 24-ஐயும் எழுதுங்கள். டைம்அவுட்டைக் கையால் தொடாதவர்களையும் இது கடிக்கிறது என்பது பழைய கர்னல்களுக்குக் கொண்டுபோகிறவர்களுக்குத் தெரிய வேண்டும்.

#34 பலகைப்பித்தன்

எழுதிவிட்டேன். போர்டு செய்தவர்களுக்கும் ஒரு நகல் அனுப்பியாச்சு. அந்தக் கப்பாசிட்டரை மட்டும் இன்னும் எடுக்கவில்லை.